சொல்லிவிட்டுப் போட்ட பந்து

எங்கள் பேஸ்பால் அணியின் பந்துவீச்சாளர்களில் கடைசி இடம் மட்டும் காலியாக இருந்தது. அதைத் தன் அக்கா மகனுக்கென்று வைத்திருந்தார் சங்கத் தலைவர் தாண்டவமூர்த்தி. பயிற்சியில் மட்டும் பந்து போட்டுவந்த இருதயராஜ், தனக்கும் வாய்ப்புக் கேட்டான்.

தலைவர் மட்டையோடு இறங்கினார். "எவன் என்ன பந்து போடுவான்னு முகத்தைப் பார்த்தே சொல்லிடுவேன். என்னை ஏமாத்திட்டா இடம் உனக்கு!"

"ஏமாத்தலைங்க ஐயா. மெதுவாத்தான் போடப்போறேன்," என்றான் இருதயராஜ்.

"யாருகிட்ட?" என்று சிரித்த தலைவர், வேகப்பந்துதான் வரும் என்று மட்டையை ஓங்கிச் சுழற்றினார். அவரும் சேர்ந்து சுழன்று கீழே உட்கார்ந்த பிறகுதான், பந்து ஆடி அசைந்து வந்து சேர்ந்தது.

"ஏமாத்திட்டியேடா!"

"நான் உண்மையைத்தான் சொன்னேன். ஏமாத்தினேன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப இடம் எனக்குத்தானே ஐயா?"

மைதானமே சிரித்தது. அக்கா மகன்தான் முதலில் கைதட்டினான். தலைவர் மண்ணைத் தட்டிக்கொண்டே தலையாட்டினார்.