பரிவட்டம் யார் தலையில்?

வேங்கைநாட்டு அரசர் வல்லபதேவருக்கு நாலடி நடந்தாலே மூச்சு வாங்கும். தேர்த் திருவிழாவோ நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நாட்டு வழக்கப்படி அரசர் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நழுவ முடியாது. நான்கு வீதியும் இழுத்தாக வேண்டும்.

"கஷாயம் குடித்துவிட்டுச் சிலம்பம் சுற்றுங்கள், மன்னா. ஒன்றை விட்டால் மற்றது பலிக்காது" என்றார் அரண்மனை வைத்தியர். சிலம்ப ஆசானோடு கலந்து பேசி அவர் எடுத்த முடிவு அது.

அரசருக்கு இரண்டுமே எட்டிக்காய். அவர் பார்வை, அவையில் வாய்க்கு வாய் பதில் சொல்லும் விகடகவி கூத்தபிரான் மேல் விழுந்தது.

"எனக்காகப் போரிடத் தளபதி இருக்கிறார். பூஜை செய்யக் குருக்கள் இருக்கிறார். இனி என் சார்பில் நீ கஷாயம் குடி, கம்பு சுற்று. தேரன்று என்னால் வடம் இழுக்க முடியாவிட்டால் உன் தலை தப்பாது!"

கூத்தபிரான் வியர்வை சிந்தினால் அரசரின் தொப்பை கரையுமா? ஆனாலும், "உத்தரவு" என்று குனிந்தார்.

மறுநாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கஷாயத்தைக் குடித்தார். இடுப்பு ஒடியக் கம்பு சுற்றினார். மதியம் நேரே அரசரின் தலைவாழை இலை முன் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அடேய், அது என் இலை!"

"நான் கம்பு சுற்றியது யார் சார்பில், மன்னா?"

"என் சார்பில்."

"அப்படியானால் இந்தப் பசியும் தங்களுடையதுதானே? அதைத் தீர்க்காமல் விட்டால் ராஜத் துரோகம்!"

நெய் மிதந்த பொங்கல் மளமளவென்று உள்ளே போனது. "உழைக்காத உடம்புக்குக் கஞ்சி போதும்" என்று வைத்தியரும் ஒத்து ஊதினார். அரசர் கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுக்கப் போனார். அங்கே பட்டு மெத்தையில் கூத்தபிரானின் குறட்டை!

மாலையில் கூத்தபிரான் நிலைக்கண்ணாடி முன் நின்று தலையில் ஒரு பட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இது என்னடா கூத்து?"

"கவலையை விடுங்கள், மன்னா. வடத்தையும் தங்கள் சார்பில் நானே இழுத்துவிடுகிறேன். அப்போது கோயில் பரிவட்டத்தை இந்தத் தலையில்தானே கட்டுவார்கள்? பொருத்தமாக இருக்குமா என்று பார்க்கிறேன்."

அரசருக்குச் சுருக்கென்று தைத்தது. "என் பரிவட்டம் உன் தலையிலா? கொண்டு வா கஷாயத்தை! எங்கே என் கம்பு?"

அன்று பிடித்த கம்பை அவர் கீழே வைக்கவே இல்லை. தேரன்று வியர்க்க வியர்க்க நான்கு வீதியும் இழுத்து வந்தார். பரிவட்டமும் அவர் தலைக்கே வந்தது.

மகிழ்ச்சியில் பொற்கிழியை எடுத்த அரசருக்குக் குறும்பு எட்டிப் பார்த்தது.

"கூத்தபிரான், இது உனக்கான பரிசு. ஆனால் உன் சார்பில் நானே வாங்கிக்கொள்கிறேன்."

"ஆகட்டும், மன்னா. அப்படியே என் வீட்டுக்கும் ஒரு நடை வாருங்கள். வெறுங்கையோடு போனால் என் மனைவியிடம் கிடைக்கும் திட்டையும் என் சார்பில் தாங்களே வாங்கிக்கொள்ளலாம்."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். பொற்கிழி கை மாறியது.