நேரா நடக்காத நண்டு

காட்டுக் குளத்துல சபை கூடியிருந்துச்சு. எருமை மொக்கையன்தான் தலைவர். அவரு உக்காந்தா வேற யாருக்கும் எடம் இருக்காது, அதனால அவரையே தலைவராக்கிட்டாங்க.

ஆமை அய்யாவு எழுத்தர். அவரு ஒரு வரி வாசிக்கறதுக்குள்ள கொக்கு ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சிரும்.

அன்னிக்கு தவளை பொன்னாத்தா ஒரு திருத்தம் கொண்டு வந்திருந்தா. குளத்துக் கொள்கையில "தண்ணி எல்லாருக்கும் பொது"ன்னு மட்டுந்தான் இருந்துச்சு. "யாரும் வீணாக்கக் கூடாது"ன்னும் கூடச் சேக்கணும்னா.

அவ கவலை அவளுக்கு. நாப்பது தலைப்பிரட்டைக வாலாட்டிக்கிட்டுத் திரியுதுக. ஒண்ணுக்கும் இன்னும் காலு முளைக்கல. பத்து நாள் தண்ணி நின்னா எல்லாம் தவளை. நிக்கலேன்னா எல்லாம் கருவாடு!

"வீணாக்கறதுன்னு யாரச் சொல்ற?" எருமை மூக்க விடைச்சுச்சு.

"யாரையும் சொல்லல தலைவரே!"

"பொழுதன்னைக்கும் குளத்துல படுத்துக் கெடக்கறது நான் ஒருத்தன்தான். அப்ப என்னையத்தான?"

"நீங்களா ஒத்துக்கிட்டா நான் என்ன பண்ணட்டும்!"

சபையே சிரிச்சுச்சு. ஆமை சிரிச்சு முடிக்க மட்டும் கொஞ்சம் நேரமாச்சு. அப்புறம் அது, "எது வீண், எது வீண் இல்லன்னு பாக்க ஒரு குழு போடலாம்"னுச்சு.

கொக்கு முழிச்சுக்கிச்சு. "தண்ணி பொதுன்னா மீனும் பொதுதான? அதையும் சேருங்கப்பா!"

கரையோரம் வேடிக்கை பாத்த மீனெல்லாம் முங்கிருச்சு.

அப்பத்தான் பிச்சைங்கற நண்டு ரெண்டு கொடுக்கையும் தூக்கிக்கிட்டு ஓடி வந்துச்சு.

"தலைவரே! அவசரம்! ஒரு சங்கதி!"

"சபை வழக்கம் தெரியும்ல?"ன்னுச்சு எருமை. "என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நேரா நடந்து வந்து, அந்தக் கல்லுல ஏறிப் பேசு!"

இந்த வழக்கம் சும்மா வந்ததில்ல. போன வருசம் ஒரு சாரைப்பாம்பு "சின்ன யோசனை"ன்னு சொல்லிக்கிட்டே பின்பக்கமா வந்து, ஒரு உறுப்பினரையே முழுங்கிட்டுப் போயிருச்சு. அதுல இருந்துதான் இப்படி.

நண்டு எருமை மூஞ்சியப் பாத்துச்சு. நடந்துச்சு. பக்கத்துல இருந்த கோரைப்புல்லுக்குள்ள போயிருச்சு!

திரும்பி வந்துச்சு. மறுபடி மூஞ்சியப் பாத்துச்சு. நடந்துச்சு. இந்தத் தடவை கொக்கு காலுல போயி முட்டுச்சு.

"ஏண்டா, குடிச்சிருக்கியா?"ன்னுச்சு கொக்கு.

சரி, ஒரு பக்கமா திரும்பிக்கிட்டுப் போவோம்னு கல்லு இருக்கற பக்கமா விறுவிறுன்னு வந்துச்சு நண்டு.

"மூஞ்சியத் திருப்பிக்கிட்டா வர்ற? தலைவருக்கு மரியாதை இல்ல? போ, போயி மொதல்ல இருந்து வா!"ன்னுச்சு எருமை.

நண்டு மறுபடி கோரைக்குள்ள போச்சு.

சபை திரும்பத் திருத்தத்துக்கு வந்துச்சு. "யாரும்"னு சேக்கறதா, "முடிஞ்ச வரைக்கும் யாரும்"னு சேக்கறதான்னு சண்டை. ஆமை வாசிக்க ஆரம்பிச்சப்ப மிதந்துக்கிட்டு இருந்துச்சு. இப்ப சேத்துல உக்காந்திருந்துச்சு. அதுக்கே அது தெரியல.

பொன்னாத்தாவுக்குத் தெரிஞ்சுச்சு. குஞ்சுக முதுகு வெளிய தெரிய நெளியுதுக!

பேச்ச அப்படியே விட்டுட்டு ஒரே தாவா கோரைக்குள்ள தாவுனா. "எலே பிச்சை! என்னமோ சொல்ல வந்தியே, என்னடா?"

நண்டுக்கு அழுகையே வந்துருச்சு. "அக்கா, கரையில வீட்டுக்கு ஒரு பொந்து தோண்டுனேன். அது அந்தாண்ட வரைக்கும் ஓட்டையாயிருச்சு. காலையில இருந்து தண்ணி போவுது. நான் மண்ண அள்ளி அள்ளி வச்சேன், நிக்கல. தப்பு என்னுதுதான் அக்கா."

"தலைவரே!"ன்னு கத்துனா பொன்னாத்தா. "கரை ஒடையுது!"

எருமை எந்திரிச்சு ஓடுச்சு பாருங்க, அது ஓடி அன்னிக்குத்தான் எல்லாரும் பாத்தாங்க. ஓட்டை இப்ப பானை வாய் அளவு இருந்துச்சு. எருமை யோசிக்கல. திரும்புச்சு, அதுல பொத்துனு உக்காந்துச்சு. தண்ணி நின்னுச்சு!

ஆமையும் நண்டும் களிமண்ண அள்ளி அள்ளி அணைச்சாங்க. கொக்கு கோரையப் புடுங்கிக் குடுத்துச்சு. பொழுது சாயற வரைக்கும் தலைவர் அசையல.

"படுத்துக் கெடக்கறதும் ஒரு வேலைதான் தலைவரே!"ன்னா பொன்னாத்தா.

"அதக் கொள்கையில எழுது!"ன்னுச்சு எருமை.

உக்காந்த எடத்துலயே சபை கூடுச்சு. வீணாக்கக் கூடாதுங்கறது ஒரே மூச்சுல நிறைவேறுச்சு. அப்புறம் எருமையே ஒரு திருத்தம் சொல்லுச்சு. "இனிமே யாரும் எப்படி வேணா நடந்து வந்து பேசலாம்."

"அப்ப பாம்பு?"ன்னுச்சு ஆமை.

"அது மட்டும் எதிர்க்கரையில இருந்தே கத்தட்டும்!"ன்னுச்சு எருமை.

அப்புறம் நண்டு பக்கம் திரும்புச்சு. "டேய் பிச்சை, கரையில இனிமே வீடு கட்டாத. கோரைக்குள்ளயே இரு. எப்படியும் அங்கதான போற!"

பத்து நாள் கழிச்சு நாப்பது குட்டித் தவளையும் கரையேறி வந்து சபையில உக்காந்துச்சு. இப்ப எல்லாம் ஒண்ணாக் கத்துதுக, தலைவர் பேசறது தலைவருக்கே கேக்கல.

பேச வர்றவன் எப்படி நடந்து வர்றான்னு பாத்துக்கிட்டு இருக்காம, என்ன சொல்ல வர்றான்னு மொதல்ல காது குடுக்கணும்.