கொள்ளைக்காரனின் ஊர் நினைப்பு

“தாயே, இந்த ஊர் நினைப்பை என்னிடமிருந்து எடுத்துவிடுங்கள்” என்றான் வோல்க்மார்.

ஜெர்மானிய மலைக்காட்டில் வழிப்பறி செய்து பிழைத்த ஒரு கூட்டத்துக்கு அவன் தலைவன். பிரபுவின் காவலன் ஒருவனைச் சண்டையில் கொன்றுவிட்டுக் காட்டுக்குள் ஓடிவந்தவன். ஊர் எல்லைக்குள் அவனைக் கண்டால், ஓநாயைக் கொல்வதுபோல் யாரும் கொல்லலாம் என்று தீர்ப்பாகியிருந்தது.

பாறைக்குடிலில் தனியாகத் தவமிருந்த ஒடிலாவுக்கு அவனைவிட வயது குறைவு. ஆனாலும் அந்தக் காட்டில் யாரும் அவள் முன்னால் ஆயுதத்தோடு நிற்க மாட்டார்கள்.

“அது உன்னை என்ன செய்கிறது?” என்று கேட்டாள்.

“நேற்று ஒரு கம்பளி வியாபாரியை மடக்கினோம். கத்தியை ஓங்கினேன். ‘விட்டுடுப்பா’ என்று கெஞ்சினான். எங்கள் ஊர்ப் பேச்சு, தாயே. ஓங்கிய கை இறங்கிவிட்டது. கூட்டாளிகள் சிரித்தார்கள். கை நடுங்குகிற தலைவனை அவர்கள் உயிரோடு விட்டுவைக்க மாட்டார்கள்.”

ஒடிலா உள்ளங்கையை நீட்டினாள்.

“சொல். ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்கிறேன்.”

அவன் சொன்னான்.

மாவு ஆலையின் சக்கரம் சுற்றுகிற சத்தம். மழை விட்டதும் ஆற்றங்கரையில் எழும் புதினா வாசனை. அவன் மனைவி கெர்த்ரூட், அடுப்பிலிருந்து ரொட்டியை எடுத்துச் சூடு பொறுக்காமல் கை மாற்றிக் கை மாற்றிச் சிரிப்பது. அவன் ஓடிவந்தபோது நடக்கப் பழகிக்கொண்டிருந்த மகள்.

மகளின் பெயரை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தான்.



“மெக்தில்ட்” என்றான்.

அவள் கையை மூடிக்கொண்டாள். “வாங்கிக்கொண்டேன். போ.”

வோல்க்மார் தலைவணங்கிவிட்டுக் காட்டுப் பாதையில் இறங்கினான். நெஞ்சு லேசாகத்தான் இருந்தது. சுள்ளிகளை மிதித்துக்கொண்டு வேகமாக நடந்தான்.

பாதி வழியில், சும்மா சோதித்துப் பார்ப்பதுபோல, கெர்த்ரூட்டின் முகத்தை நினைத்துப் பார்த்தான். மூக்கு வந்தது. கண்கள் வரவில்லை.

மூச்சிரைக்கத் திரும்பி ஓடிவந்தான். வாசலிலேயே மண்டியிட்டான்.

“திருப்பிக் கொடுத்துவிடுங்கள், தாயே. எனக்கென்று வேறு எதுவும் இல்லை.”

“உன் ஊர் எந்தப் பக்கம்?”

அவன் யோசிக்கவே இல்லை. கை தானாகக் கிழக்கே நீண்டது.

“தெரிகிறதே. பிறகென்ன?”

“அங்கே போனால் என்னைக் கொன்றுவிடுவார்கள்.”

“இங்கே?” என்று கேட்டாள் ஒடிலா.