பாலத்துக் கல்லில் ஒரு பெயர் குறைகிறது

புதுப்பாலம் திறந்த நாலாம் நாள் காலை, பாலத்தடியில் இருக்கும் காஜாமைதீன் டீக்கடைக்கு உண்ணாவிரதம் வெள்ளைச்சாமி ஒரு மனுவோடு வந்து சேர்ந்தார். திறப்புவிழாக் கல்வெட்டில் நாற்பத்தோரு பெயர் இருந்தது. பந்தல் போட்டவன் பெயர்கூட இருந்தது. பாலம் கேட்டு இருபத்திரண்டு வருஷம் தொண்டை கிழியக் கத்திய வெள்ளைச்சாமியின் பெயர் இல்லை. நூறு கையெழுத்து கொண்டுவந்தால் சேர்ப்பதாக ஓர் அதிகாரி வாய்தவறிச் சொல்லிவிட்டார். தொண்ணூற்றொன்பது தேறிவிட்டது.

மிச்சம் ஒன்றுக்காகக் கீரைக்கார ராக்கம்மாவைப் பிடித்தார். பாலத்தில் லாரி உரசி நசுங்கிய கூடையைச் சைக்கிளில் நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்தாள் அவள். பாலத்துக்கு நீங்க என்ன செஞ்சீங்க என்று அவள் கேட்டதும் அவருக்குச் சுருக்கென்றது.

ஆற்று நடுவில் உண்ணாவிரதம் கிடந்த கதையை எடுத்தார். பத்தாம் நாளே உடம்பு இளைத்து நிழல் விழுவது நின்றுபோனதாம். இருபதாம் நாள் அடித்த காற்று அவரை அக்கரைக்குத் தூக்கிப்போக, கையிலிருந்த கொடி நூல்நூலாகப் பிரிந்து ஆற்றின் குறுக்கே நீண்டதாம். இன்ஜினியர் அந்த நூலை அளந்துதான் பாலத்துக்கு நீளம் குறித்தாராம்.

"அன்னைக்குக் காலையில நம்ம கடையில நாலு புரோட்டா சாப்பிட்டீங்களே" என்றார் காஜாமைதீன், டீயை ஆற்றியபடி.

"பாரம் வேணும்ல பாய். இல்லேன்னா அடுத்த ஜில்லாவுல போய் விழுந்திருப்பேன்."

அடுத்து மனுக்கள். அவர் போட்ட மனுக்களை வைக்க இடமில்லாமல் ஆபீஸ்காரர்கள் ஆற்றில் கொட்டினார்களாம். பாலத்தின் பதினாறு தூணும் அந்தக் குவியல் மேல்தான் நிற்கிறதாம். வெள்ளம் வந்தால் போய்விடாதா என்று ராக்கம்மா கேட்டாள்.

"ஆபீசுல இருபது வருஷம் அசையாத மனுதான் அது. வெள்ளத்துக்கா அசையும்?"

கடைசியாக அவர் போட்ட கோஷத்தில் அந்த ஆறே மூன்று நாள் ஓடாமல் நின்று, கான்கிரீட் இறுகட்டும் என்று காத்திருந்ததாம். மீனெல்லாம் கரையேறி அவரோடு கோஷம் போட்டனவாம். வாய் திறந்து மூடியதாம், சத்தம் மட்டும் வரவில்லையாம்.

ராக்கம்மா பேனாவை வாங்கினாள். வெள்ளைச்சாமி மனுவை விரித்துப் பிடித்தார். அவளோ பாலத்தைப் பார்த்தாள். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் விட்ட பாதையை முழுசாக அடைத்துக்கொண்டு கல்வெட்டு நின்றது. அந்த இடம் வந்ததும் எல்லோரும் லாரிகளுக்கு நடுவே இறங்கிச் சுற்றினார்கள்.

"நீங்க சொன்னதெல்லாம் நம்புறேண்ணே" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். "நாப்பத்தோரு பேருக்கே நாங்க ரோட்டுல இறங்கிட்டோம். உங்க பேரும் ஏறுச்சுன்னா, பழையபடி ஆத்துலதான் இறங்கணும்."