முதுகுல வாத்து ஒட்டுன நிலா

ஒரு ஊர்ல ஒரு நிலா இருந்துச்சு. மேல இருக்கற நிலா இல்ல கண்ணு, பஞ்சும் துணியும் வச்சுத் தச்ச, ஆளு மாட்டிக்கிட்டு ஆடற பொம்மை நிலா. அதுக்குள்ள ஒரு அம்மா இருந்தா. பேரு இசக்கியம்மா. ம் சொல்லு, சொன்னாத்தான் கதை நடக்கும்.

ம்.

அவ அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவ. யாராச்சும் பேரு கேட்டாக்கூடத் தரையைப் பாத்துக்கிட்டுத்தான் சொல்லுவா. அந்த நிலாப் பொம்மைக்குள்ள போறது அவளுக்கு ஒரு நிம்மதி. பொம்மையோட வாயில வலை இருக்கும். அது வழியா அவ எல்லாரையும் பாப்பா, அவளை யாரும் பாக்க முடியாது.

அந்தப் பொம்மைங்களுக்கு முதலாளி ஞானராஜ் அண்ணன். வேன்ல பொம்மைங்களை ஏத்திக்கிட்டு ஸ்கூல் ஸ்கூலாப் போய் சயின்ஸ் ஷோ போடுவார். மைக்கைப் பிடிச்சார்னா சினிமாக்காரங்க குரல்லதான் பேச்சு. முதல்ல சூரியன் வரும். புஸ்ஸ்ஸ்னு புகை, டண்டணக்கா டண்டணக்கான்னு மேளம், சூரியனுக்குக் கறுப்புக் கண்ணாடி. "தலைவர் வந்துட்டாரு! கிட்ட போகாதீங்க, பொசுங்கிருவீங்க!"ம்பார். பிள்ளைங்க விசிலடிக்கும். அப்புறம் பூமி, தொப்பையைத் தூக்கிக்கிட்டு திங்கு திங்குனு வரும். கடைசியா நிலா. அதுதான் கதாநாயகி. பாட்டுப் போட்டதும் கிர்ர்ர்ருனு பம்பரமாச் சுத்திக்கிட்டே பூமியைச் சுத்தி வரணும்.

தலை சுத்துமாம்மா?

சுத்தும் கண்ணு. வாந்தியே வரும். ஆனா இசக்கிக்கு உறுத்துனது அது இல்ல. அவளுக்கு கனிஷ்கான்னு ஒரு பொண்ணு, மூணாங்கிளாஸ். சாயங்காலம் மொட்டை மாடியில துணி எடுக்கப் போகும்போதெல்லாம் அதுகிட்ட நிலாவைக் காட்டுவா. அப்போ பாத்தா, நிலாவுல இருக்கற முயல் என்னைக்கும் அதே பக்கந்தான் இருக்கு. நிலா பம்பரமாச் சுத்துனா முயல் முன்னால வரணும், பின்னால போகணும்ல? போகவே இல்லையே.

அப்போ இசக்கி எச்சில் முழுங்கிக்கிட்டு ஞானராஜ் அண்ணன்கிட்டப் போனா. "அண்ணே, நிலா இப்படிச் சுத்தாதுண்ணே. மொட்டை மாடியில தினம் பாக்குறேன், ஒரே மூஞ்சியத்தான் நமக்குக் காட்டுது."

"அப்படியா? எந்த காலேஜ்ல படிச்ச நீ?"ன்னார் அவர். சூரியன் வேஷக்காரனும் பூமி வேஷக்காரனும் கொல்லுனு சிரிச்சாங்க. "கதாநாயகி சுத்துனாத்தான் விசில் வரும் இசக்கி. போ, பொம்மை பேசக்கூடாது."

அவ வீட்டுக்கு வந்தா. நடுவுல ஒரு குடத்தை வச்சா. குடத்தைப் பாத்தபடியே, மூஞ்சியைத் திருப்பாம, நண்டு மாதிரி சரக் சரக்குனு பக்கவாட்டுல நடந்து ஒரு சுத்து வந்தா. வந்து நின்னா கண்ணு, புரிஞ்சுபோச்சு. இப்படித்தான் நிலா நடக்குது! கனிஷ்கா கைதட்டிச் சிரிச்சா. "அம்மா, நீ சயின்ஸ் டீச்சரா?"ன்னா. இசக்கிக்குக் காதெல்லாம் சிவந்துபோச்சு.

ம்.

அடுத்த ஷோவுல யாரையும் கேக்காம அப்படியே நடந்துட்டா. கண்ணை எடுக்காம பூமியைப் பாத்துக்கிட்டு சரக் சரக், சரக் சரக். பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. ஞானராஜ் அண்ணன் சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரர். டக்குனு மைக்கைப் பிடிச்சு, "பூமி, என் கண்ணே! உலகமே அழிஞ்சாலும் உன்மேல வச்ச கண்ணை எடுக்க மாட்டேன்!"னு காதல் வசனம் பேசுனார். ஒரே கைதட்டு. அன்னையிலேருந்து எல்லா ஷோவுலயும் நண்டு நடைதான்.

அம்மா பொம்மைக்குள்ள போறது கனிஷ்காவுக்குத் தெரியாது. இதுக்குள்ள அவ கிளாஸ்ல போய், "எங்கம்மா ஷோவுல சயின்ஸ் சொல்லித் தர்றாங்க"ன்னு பெருமையாச் சொல்லிட்டா. பக்கத்துல உக்காந்திருந்த ரெனிட்டா, "உங்கம்மாவா? பொய்யி, பொய்யி!"ன்னா. கிளாஸே பொய்க்காரின்னு கூப்பிட்டுச்சு. பொண்ணு அழுதுகிட்டே வந்துச்சு.

அப்போதான் இசக்கி ரெண்டாவது தடவை எச்சில் முழுங்குனா. "அண்ணே, வெள்ளிக்கிழமை என் பொண்ணு ஸ்கூல்ல ஷோ. முடியும்போது என் தலையைக் கழட்டிவிட்டு, இந்த நடை இவ யோசனைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்கண்ணே." ஏன் கேட்டான்னா, பொம்மைத் தலைக்குக் கொக்கியெல்லாம் பிடரியில இருக்கும். கையில தலையணை கனத்துக்கு உறை. அவளாக் கழட்ட முடியாது, வேற ஆள்தான் கழட்டிவிடணும்.

"ஒரு வார்த்தைதானே? சொல்லிட்டாப் போச்சு!"ன்னார்.

வெள்ளிக்கிழமை வந்துச்சு. கனிஷ்கா முன்வரிசையில ரெட்டைச் சடை போட்டு உக்காந்திருந்தா. "இன்னைக்குப் பாரு, எங்கம்மா வருவாங்க"ன்னு ரெனிட்டாகிட்டச் சொல்லிட்டா. வலை வழியா இசக்கி பாக்குறா. வேர்வை கண்ணுல இறங்குது.

ஆரம்பிக்கும்போது சொல்லுவார்னு நெனச்சா. அவர் சூரியனுக்குப் புகை விடப் போயிட்டார். சரி, பாட்டு முடிஞ்சதும் சொல்லுவார்னு நெனச்சா. அவர் பூமியோட தொப்பையைத் தட்டி ஜோக்கடிச்சார். அப்புறம் சிறப்பு விருந்தாளியா வந்திருந்த காலேஜ் மேடம் மேடையேறுனாங்க. "நிலா நடக்கறதை இவ்வளவு சரியா, இவ்வளவு சிரிப்பா யாரும் காட்டுனதில்ல. இது யாரு யோசனை?"ன்னு கேட்டாங்க.

இதோ, இப்போ சொல்லிருவார்னு இசக்கி பிடரியைக் குனிஞ்சு குடுத்தா. கொக்கியைக் கழட்ட வசதியா.

சொன்னாராம்மா?

"நான்தான் மேடம். மொட்டை மாடியில நிலாவைப் பாத்துப் பாத்துக் கண்டுபிடிச்சேன்"னார்.

படார்னு கைதட்டு. போட்டோக்காரர் வந்தார். இசக்கி உள்ள இருந்து, "அண்ணே... அண்ணே"ன்னு கூப்பிட்டா. அம்புட்டுப் பஞ்சைத் தாண்டிக் குரல் வெளிய வருமா? வரல. அவளுக்கு என்ன தோணுச்சோ, எல்லாருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்னுட்டா.

நிலாவோட முதுகு போன மாசமே கிழிஞ்சுபோச்சு கண்ணு. இசக்கிதான் தச்சா. ஒட்டுப் போட வீட்டுல வேற துணி இல்ல, கனிஷ்காவோட பழைய கவுனை வெட்டிப் போட்டிருந்தா. நீலத்துல மஞ்சள் வாத்து. நடக்கும்போது புகையில யாருக்கும் சரியாத் தெரியல, இப்போ அசையாம நின்னதும் ஸ்கூலே அதைப் பாத்துக் கெக்கெக்கெனு சிரிச்சுச்சு. "டேய், நிலா கிழிஞ்சுபோச்சுடா!"

கனிஷ்கா சிரிக்கல. எந்திரிச்சு நின்னா. அது அவ வாத்து. உள்ள இருக்கறதே அம்மாதான்னு அப்போதான் அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு.

"எங்கடி உங்கம்மா?"ன்னு ரெனிட்டா அவ சடையைப் பிடிச்சு இழுத்தா.

கனிஷ்கா வாயைத் திறந்தா. சுத்திப் பாத்தா. எல்லாரும் அந்த வாத்தைக் காட்டிக் காட்டிச் சிரிக்கறாங்க. மெதுவா உக்காந்துட்டா.

"வரல"ன்னா.

முன்வரிசைதானே? பஞ்சையெல்லாம் தாண்டி அந்த ஒரு வார்த்தை மட்டும் இசக்கி காதுல விழுந்துச்சு.

ம் சொல்லலியே நீ?

...ம்.

அப்புறம் பாட்டு மறுபடி போட்டாங்க. நிலா நடக்கணும்ல? நடந்துச்சு. சரக் சரக், சரக் சரக். ஆனா இந்தத் தடவை பூமியைப் பாக்கல. எங்க போனாலும், எந்தப் பக்கம் திரும்புனாலும், மூஞ்சி மட்டும் முன்வரிசை ரெட்டைச் சடைப் பக்கமே இருந்துச்சு. கனிஷ்கா குனிஞ்சு செருப்பு வாரை அவுத்து அவுத்து மாட்டிக்கிட்டு இருந்தா. மேடம், "அடடா, இப்போ தப்பா நடக்குதே"ன்னாங்க. "பொம்மைதானே மேடம், அதுக்கென்ன தெரியும்"னு ஞானராஜ் அண்ணன் சிரிச்சார்.

சாயங்காலம் அம்மாவும் பொண்ணும் ரசஞ்சோறு தின்னாங்க. மொட்டை மாடியில துணி காஞ்சுகிட்டு இருந்துச்சு. யாரும் போய் எடுக்கல.

அந்தப் பாப்பா ஏம்மா அம்மான்னு கூப்பிடல?

தெரியல கண்ணு. நிலா போயிருச்சு, கதையும் அதுகூடவே போயிருச்சு. நீ இந்தப் பக்கம் திரும்பிப் படு. என் மூஞ்சியைப் பாத்துத் தூங்கு.