குளிர் எந்த வளைவில் தொடங்குகிறது

"இந்த மோட்டார் சைக்கிள்ல அப்படி என்னதான் இருக்குதுங்க டீச்சர்?" என்று கேட்டார் இருசப்பன்.

கேட்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. கத்தினார்.

மெஹருன்னிஷா அப்போது ஒரு வண்டியின் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். மலையடிவாரத்தில் மூடிக்கிடக்கும் அரிசி ஆலையின் களத்தில், பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுத்தருகிறவள். வயது முப்பத்துச் சொச்சம். குரு என்றால் தாடியும் மான்தோலும் இருந்தே ஆகவேண்டும் என்பவர்கள் இந்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.

இருசப்பன் பஸ் டிரைவர். இருபது வருஷத்துக்கு மேலாக இதே மலைக்குப் பஸ் ஓட்டுகிறவர். அந்தப் பாதையின் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் டிரைவர்கள் தங்களுக்குள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பலா வளைவு, மாமியார் வளைவு, ஓடை வளைவு. மாமியார் வளைவுக்கு ஏன் அந்தப் பெயர் என்பது அதில் ஒரு தடவை திரும்பியவர்களுக்குத் தெரியும்.

"உக்காருங்கண்ணா," என்றாள் மெஹர்.

"உக்கார வரலீங்க. எம்புள்ள மோகனாவ நீங்கதான் கெடுத்தீங்க."

"என்ன பண்ணினேன்?"

"வண்டி ஓட்டச் சொல்லிக் குடுத்தீங்க."

"ஆமா, குடுத்தேன்."

சண்டைக்கு வந்தவரிடம் இப்படி உடனே ஒப்புக்கொண்டால் அவர் என்னதான் செய்வார்? இருசப்பன் உட்கார்ந்தார்.

"ஓசூர்ல வேலை கிடைச்சிருக்குதுங்க. நாளைக்குக் கிளம்போணும். வண்டியிலதான் போவேங்குது. நான் சாவிய வாங்கி வெச்சுட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"வண்டி இல்லாம அனுப்புனீங்கன்னா, திரும்பி இந்த வீட்டுக்கு வரவே மாட்டேன்னு சொல்லிருச்சு. ரெண்டு வாரமா எங்கிட்டப் பேச்சு இல்லீங்க. இன்னைக்குக் காலையில கூட்டாளி வீட்டுக்குப் போறேன்னு அவங்கம்மாகிட்டச் சொல்லிட்டுப் போச்சு. நான் வாசல்லதான் நின்னேன். திரும்பிக்கூடப் பாக்கல."

அதைச் சொல்லிவிட்டு இருமிச் சமாளித்தார்.

மெஹர் எண்ணெய்க் குப்பியை மூடி வைத்தாள்.

"நீங்க ஓட்டினதே இல்லையா?"

"ஓட்டியிருக்கறேன். கல்யாணத்துக்கு முன்னால ஒரு வண்டி வெச்சிருந்தேன். அப்புறம் வித்துட்டேன்."

"ஏன்?"

"ஒரு பையனால."

அவள் காத்திருந்தாள்.

"மாமியார் வளைவுலங்க. நான் பஸ்ஸுல மேல ஏறிட்டு இருக்கறேன். எதுத்தாப்புல வந்தவன் வண்டியோட சறுக்கி எம் பஸ்ஸுக்கு முன்னால விழுந்துட்டான். பிரேக் மேல ஏறி நின்னேன். டயருக்கும் அவன் தலைக்கும் நடுவுல ஒரு சாண்கூட இல்லீங்க."

"அப்புறம்?"

"எந்திரிச்சான். மண்ணத் தட்டிவிட்டுட்டு, கும்பிடு போட்டுட்டுப் போயிட்டான்."

"அவன் போயிட்டான்."

"ஆமாங்க."

"நீங்க?"

இருசப்பனுடைய வலது கால் சிமெண்டுத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. மெஹர் அந்தக் காலைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். பார்த்த பிறகும் அது அழுத்திக்கொண்டுதான் இருந்தது.

"கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்க டீச்சர்," என்றார். "அதுல என்ன இருக்குது?"

"மலைக்கு ஏறும்போது குளிர் எந்த வளைவுல ஆரம்பிக்குதுண்ணா?"

"மேல போனாக் குளிரும்."

"எந்த வளைவுல?"

இருசப்பன் மனசுக்குள் மலை ஏறினார். எங்கே கல் உருளும், எங்கே லாரி திணறும், எந்த இடத்தில் குரங்குகள் ரோட்டை மறிக்கும், எல்லாம் வரிசையாக வந்தது. குளிர் மட்டும் வரவில்லை.

"பஸ் டிரைவருக்கு ஏதுங்க குளிரு?" என்றார் கடைசியில். "இடது பக்கம் இன்ஜின் கொதிச்சுட்டே இருக்கும். மார்கழியிலயும் முதுகு நனஞ்சிரும்."

"தெரிஞ்சுட்டு வாங்க. அப்புறம் பதில் சொல்றேன்."

"பஸ்ஸுல போயா?"

மெஹர் சிரித்தாள். ஆலைக்குள் திரும்பி, "வண்டிய எடும்மா," என்று குரல் கொடுத்தாள்.

உள்ளேயிருந்து ஒரு வண்டி மெதுவாக வந்து நின்றது. ஓட்டி வந்தவள் தலையிலிருந்து கால்வரை மூடியிருந்தாள். தடித்த சட்டை, கையுறை, முழங்கால் கவசம், கறுப்புக் கண்ணாடி வைத்த ஹெல்மெட்.

"எங்கிட்டப் படிச்சவங்கள்ல இவங்க அளவுக்கு நிதானம் யாருக்கும் கிடையாது," என்று சொல்லி, இருசப்பனிடம் ஒரு ஹெல்மெட்டை நீட்டினாள் மெஹர். "ரெண்டு சட்டம். வண்டி ஓடும்போது பேச்சு கிடையாது. பின்னால உக்காந்துட்டு பிரேக் மிதிக்கக் கூடாது."

"பின்னால ஏதுங்க பிரேக்?"

"இல்லதான். ஆனா மிதிப்பீங்க. ஓட்டுறவங்களுக்கு அது தெரியும். வண்டி சொல்லிரும்."

இருசப்பன் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊரையே ஏற்றிக்கொண்டு மலை ஏறியவர் ஒரு சீட்டில் தொற்றிக்கொண்டு கிளம்பினார்.

முதல் வளைவில் வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. அவர் வலப்பக்கம் சாய்ந்தார்.

வண்டி ஆடிப்போய் நேரானது.

அடுத்த வளைவில் வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. அவர் இடப்பக்கம் சாய்ந்தார். விழப்போகிற எதையும் எதிர்ப்பக்கம் இழுத்துத்தானே பழக்கம்? வலது கால் ஃபுட்ரெஸ்டை ஒடித்துவிடும்போல் மிதித்துக்கொண்டிருந்தது.

ஓட்டுகிறவள் மூன்றாவது வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, தன் இடது தோளை இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினாள். இந்தத் தோளுக்கு மேலாகப் பார் என்று அர்த்தம்.

அவர் அந்தத் தோளுக்கு மேலாகப் பார்த்தார். உடம்பு தானாக அந்தப் பக்கம் போனது. வண்டி வழுக்கிக்கொண்டு திரும்பியது, யாரும் திருப்பாததுபோல.

அட, என்று நினைத்தார்.

பலா வளைவு வந்தது. அவரைப் பொறுத்தவரை அந்தப் பலாமரம் கியரைக் குறைக்க வேண்டிய இடத்துக்கு அடையாளம். அவ்வளவுதான். இன்றைக்கு மரத்துக்கு முன்னால் அதன் வாசனை வந்தது. பழுத்து வெடித்த பலா, ஹெல்மெட்டுக்குள் புகுந்து மூக்கில் உட்கார்ந்துகொண்டது. கொஞ்சம் தள்ளி, ரோட்டோர வீட்டில் யாரோ கடுகு தாளித்தார்கள். அப்புறம் ஈரமண்.

இத்தனை வருஷமும் இதெல்லாம் இங்கேதான் இருந்ததா? அவருக்குக் கொஞ்சம் ஏமாந்துபோன மாதிரிகூட இருந்தது.

அதற்குள் மாமியார் வளைவு.

காலும் மனசும் ஒன்றாக இறுகின. பேசக் கூடாது என்ற சட்டம் மட்டும் இல்லையென்றால் நிறுத்து என்று கத்தியிருப்பார்.

ஓட்டுகிறவள் வேகத்தைக் குறைத்தாள். ஹாரன் அடித்தாள்.

அடித்துவிட்டு, திரும்பவில்லை. ஓரமாக ஒதுங்கி நின்று, தலையைச் சற்றே சாய்த்துக் காது கொடுத்தாள்.

மேலேயிருந்து நீளமாக ஒரு ஹாரன் பதில் சொன்னது. பிறகு ஒரு பஸ் முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டு வளைந்து இறங்கியது. டிரைவர் நன்றிக்குக் கையைத் தூக்கிவிட்டுப் போனார். அந்த ஆளுக்கு இருசப்பனைத் தெரியும். ஹெல்மெட்டுக்குள் இருந்ததால் அடையாளம் தெரியவில்லை.

அவள் மறுபடியும் ஹாரன் அடித்தாள். மறுபடியும் காது கொடுத்தாள். மலை பேசாமல் இருந்தது. அதன் பிறகுதான் திரும்பினாள்.

மோட்டார் சைக்கிள்காரர்கள் யாரும் இப்படிச் செய்வதில்லை. ஹாரனை அடித்த கையோடு பாய்ந்துவிடுவார்கள். அடித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது பஸ்காரர்களின் பழக்கம். அதிலும் பழைய ஆட்களுக்குத்தான் அது உண்டு.

பல வருஷத்துக்கு முன்னால், பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு சின்னப்பெண் அவர் பக்கத்தில், சூடான இன்ஜின் பெட்டிமேல் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்து வருவாள். ஹாரன் அடிப்பது அவர் வேலை. காது கொடுப்பது அவள் வேலை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கேட்பாள். கேட்டுவிட்டு, பெரிய மனுஷியாட்டம் உத்தரவு கொடுப்பாள்.

"பதில் வரல. போலாம்ப்பா."

இருசப்பன் முன்னாலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார். அந்தத் தோளைப் பார்த்தார்.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஹெல்மெட் போட்டால் கண்ணைத் துடைக்க முடியாது என்பதும் அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

ஒன்றும் பேசவில்லை. சட்டம் சட்டம்தானே.

வலது காலை மட்டும் எடுத்து லேசாக வைத்துக்கொண்டார். மலை பாட்டுக்குத் திரும்பியது, அவர் பாட்டுக்குச் சாய்ந்தார்.

ஓடை வளைவுக்குச் சற்று முன்னால் அது வந்தது. முதலில் இரண்டு முட்டியிலும் தொட்டது. பிறகு மார்பு. பிறகு சட்டைக் கைக்குள் நுழைந்து ஓடியது. சுகமாக இருந்தது. இருசப்பன் சின்னப் பையனைப்போல முட்டிகளை இன்னும் கொஞ்சம் விரித்து வைத்துக்கொண்டார்.

மலை உச்சியில் ரோடு சமதளமாகிறது. ஓரமாக வண்டி நின்றது. இன்ஜின் அணைந்தது.

இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். முன்னால் இருந்தவள் இறங்கவில்லை. திரும்பவும் இல்லை. கையுறை போட்ட கைகள் ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே இருந்தன.

"நான் கால எந்த எடத்துல எடுத்தேன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

கறுப்புக் கண்ணாடி மெதுவாக மேலே போனது. உள்ளேயிருந்த கண்களும் நனைந்துதான் இருந்தன.

"மாமியார் வளைவு தாண்டுனதும்," என்றாள் மோகனா. "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஹாரன் அடிச்சுட்டு நின்னியே."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "காலையில டீச்சர்கிட்ட வந்து அழுதேன். உங்கப்பா பின்னாலயே வருவாரு, அதுவரைக்கும் உள்ள இருன்னாங்க."

"சண்டை போடத்தான் வந்தேன்."

"கேட்டுச்சு. ஊருக்கே கேட்டுச்சு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ரெண்டு வாரம் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போன மாதிரி இருந்தது அவருக்கு.

"குளிரு எங்க ஆரம்பிக்குதுன்னு கேட்டாங்களே உங்க டீச்சர்," என்றார்.

"எங்கப்பா ஆரம்பிக்குது?"

"முட்டியில."

அப்புறம் கையை நீட்டினார்.

"சாவி."

மோகனாவின் முகம் வாடிப்போனது. ரெண்டு வாரத்துக்கு முன்னால் இதே கை, இதே சொல். வண்டியிலிருந்து சாவியை உருவினாள். கொடுக்க மனசில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இருசப்பன் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். சிவப்புக் கயிறு கட்டியது. அவளுடைய வண்டியின் சாவி. அதை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"இது உன்னுது. அதக் குடு."

"எதுக்குப்பா?"

"நகரு. பின்னால உக்காரு."

"அப்பா, நீங்க ஓட்டி எவ்வளவு வருஷம் ஆச்சு!"

"சமரோடுதான? சந்தை வரைக்கும். பைய்யப் போறேன். கீழ இறங்கறப்ப நீயே ஓட்டிக்க."

அவள் நகர்ந்தாள். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினார். முதல் தடவை வண்டி உதறி நின்றுவிட்டது. "பஸ்ஸுன்னு நெனச்சுட்டேன்," என்றார். இரண்டாம் தடவை கிளம்பியது.

காற்று நேராக வந்து மார்பில் மோதியது. முன்னால் கண்ணாடி இல்லை, பெட்டி இல்லை, எந்த மறைப்பும் இல்லை. இருசப்பன் சத்தம் போட்டுச் சிரித்தார். பின்னால் மகள் இருப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் சிரித்தார்.

கொஞ்ச தூரம் போனதும் வண்டி லேசாக வலப்பக்கம் இழுத்தது.

அது என்னவென்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"மோகனா, மிதிக்காத."

"பயமா இருக்குதுப்பா."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

சட்டத்தை இரண்டு பேரும் மறந்துபோனார்கள். அவள் கால் மட்டும் உடனே எழவில்லை. அவரும் அவசரப்படுத்தவில்லை.

சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் ரோடு திரும்பி மறைந்தது. இருசப்பன் வேகத்தைக் குறைத்தார். ஹாரன் அடித்தார். நிறுத்தினார்.

காற்றின் சத்தம் கேட்டது. எங்கேயோ ஒரு சேவல் கூவியது.

பின்னால் கால் மெல்ல எழுந்தது.

"பதில் வரல," என்றாள் மோகனா. "போலாம்ப்பா."