கண்ணாடி தடுத்த வெயில்

ஒரு வீட்டு ஜன்னலோரம் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதற்குள் ஓர் ஆமைக்குட்டி. தீப்பெட்டி அளவுதான்.

தொட்டிக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம். வந்த அன்றே சொல்லிவிட்டது: "தூசி, பூனை, காக்கா, ஒண்ணையும் உன்கிட்ட அண்ட விடமாட்டேன், கண்ணு."

"வெயில்?" என்று கேட்டது ஆமையின் ஓடு. அதற்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி.

"அதை மட்டும் விடுறேனே! பாரு, தண்ணியெல்லாம் எப்படிப் பளபளக்குது."

வீட்டுக்காரி எமல்டா தினமும் காய்ந்த இறால் போட்டாள். ஆமை தின்றது. ஆனாலும் சில மாதங்களில் அதன் நடை தள்ளாடியது. ஓட்டைத் தொட்டால் நனைந்த அட்டை போல அமுங்கியது.

"காத்து பட்டுடுச்சோ?" என்று தொட்டி பதறியது. எமல்டாவுக்கும் அதே சந்தேகம். ஜன்னலையும் சாத்தினாள். ஓடு இன்னும் இளகியது.

கடைசியில் தொட்டியோடு தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினாள்.

"வெயில்ல விடுவீங்களாம்மா?"

"ஜன்னலோரம்தான் சார் எப்பவும் இருக்கு."

"கண்ணாடி வெளிச்சத்தை விடும்மா. எலும்பையும் ஓட்டையும் உறுதியாக்குற கதிரை விடாது. அது இல்லேன்னா உடம்பு தன் எலும்பையே கரைச்சு எடுத்துக்கும். கால்சியம் மருந்து தரேன். தினமும் கொஞ்ச நேரம் நேர் வெயில்ல விடுங்க. பக்கத்துல நிழலும் இருக்கட்டும், நீங்களும் இருங்க."

தொட்டி முனகியது: "நானா? நானா தடுத்தேன்?"

மறுநாள் காலை எமல்டா தொட்டியை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய், ஆமையை எடுத்து வெளியே விட்டாள். கைப்பிடிச் சுவரில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது.

"ஐயோ, உள்ள போடும்மா!" என்று தொட்டி அலறியது.

"கத்தாதே. காக்காவைத் தடுக்கத்தானே நான் இருக்கேன்?" என்றது ஓடு.

"நீயே அமுங்குறே!"

"ஆமா. உனக்குள்ளேயே இருந்தா எப்பவும் அமுங்குவேன்."

எமல்டாவுக்குக் கை துறுதுறுத்தது, ஆமையை அள்ளி உள்ளே போட்டுவிட. அவள் காக்காவைத்தான் விரட்டினாள். வெயிலை விட்டுவைத்தாள்.

பல மாதங்கள் கழித்து ஒருநாள், மாடி வெயிலில், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டை அழுத்திப் பார்த்தாள். விரல் அமுங்கவில்லை.

பக்கத்தில் தொட்டி காலியாக இருந்தது. காலியாக இருப்பதில் அதற்கு அவ்வளவு சந்தோஷம்.